மஞ்சள் கருமேல் போட்ட பழி

வெள்ளைக் கருவில் மட்டும் போட்ட ஆம்லெட்மேல் எனக்குத் தீராத ஒரு கோபம் உண்டு. சாப்பிடுகிறவர்கள்மேல் இல்லை. அவர்கள் பாவம், உடம்பைப் பார்த்துக்கொள்ள நினைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்து, பத்தரை பதினொன்றுக்கு, டிபனும் இல்லாமல் மதியச் சாப்பாடும் இல்லாமல் "லைட்டா ஏதாவது போதும்" என்று உட்காருகிறவர் தட்டில் அந்த ஆம்லெட் வந்து விழுகிறது. ஓரம் முறுகி, நடு இறுகி, மென்று மென்று வாய் வலிக்கிறது. அதன் சப்பையை மறைக்க வெங்காயம், பச்சை மிளகாய், மேலே மிளகுத்தூள், பக்கத்தில் கெட்டிச் சட்னி. சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்து நெஞ்சைத் தடவிக்கொண்டு நடக்கிறார்கள். இதில் லைட் எது என்று யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டியபின் எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் சற்றுக் கூடுதலாக வந்தது. எண்ணெயையும் வறுவலையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாக்கியம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, பஸ் ஏறி, வீடு வந்து சேர்வதற்குள் "மஞ்சக் கருவை நிறுத்தச் சொல்லீட்டாங்க" என்று ஆகிவிட்டது. எண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு காலைகளில் மஞ்சள் கரு முழுவதும் பின்வாசல் பூனைக்கு. பூனை நன்றாக மினுமினுத்தது. அப்பா வெள்ளை ஆம்லெட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "ஏங் கண்ணு, முட்டையக் கண்ணுல காட்டீட்டு இது என்னத்தப் போட்டுருக்கறீங்க?" என்று கேட்பார். யாரும் பதில் சொல்வதில்லை. வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவருடைய நாக்குக்கு ஓட்டுரிமை போய்விடுகிறது.

என்னை உறுத்தியது அடுப்படியில் நடந்த இன்னொரு விஷயம். வெள்ளைக் கருவில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால் கல்லில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று அம்மா எண்ணெய் ஊற்றுவார். திருப்பும்போது பிய்கிறது என்று சுற்றிலும் இன்னொரு சுற்று ஊற்றுவார். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய நாலரை கிராம் கொழுப்பு இருக்கிறது. இரண்டு முட்டைக்கு 9 கிராம். அதை எடுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டு, ஒரு மேசைக்கரண்டி கடலெண்ணெய் ஊற்றினால் உள்ளே போவது 14 கிராம். முழு முட்டை ஒன்று சுமார் 70 கலோரி. அந்த ஒரு கரண்டி எண்ணெய் மட்டும் 120. புரதத்திலும் நஷ்டம்தான். முட்டையில் இருக்கிற ஆறு கிராமில் கிட்டத்தட்ட இரண்டரை கிராம் மஞ்சளோடு போய்விடுகிறது. வைட்டமின் ஏ, டி எல்லாம் இருப்பதும் அந்த மஞ்சளில்தான்.

கொலஸ்ட்ரால் மஞ்சள் கருவில் இருக்கிறது என்பது பொய்யில்லை. ஒரு முட்டைக்கு 186 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 1968இல் சொன்னது. உலகம் முழுவதும் அந்த பயம் பரவியது. பிறகு வந்த ஆராய்ச்சிகள், ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு என்று காட்டின. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று இருந்த உச்சவரம்பை அமெரிக்க அரசின் 2015–2020 உணவு வழிகாட்டி எடுத்தேவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் தினம் ஆறு முட்டை சாப்பிடக் கிளம்ப வேண்டாம். சர்க்கரை நோயோ இதய நோயோ இருப்பவர்கள் தங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். நாங்களும் கேட்டோம். வாரத்தில் சில நாள் முழு முட்டை சாப்பிடலாம், பொரிக்காதீர்கள் என்றார். அந்தக் "பொரிக்காதீர்கள்" இந்த முறை வீடு வரை பத்திரமாக வந்து சேர்ந்தது.

கலக்கி மாஸ்டர் சொன்னது

பொரிக்காமல் என்ன செய்வது? வேகவைத்த முட்டையை நாலு நாள் சாப்பிட்டால் ஐந்தாம் நாள் அதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு மெத்தென்ற முட்டை என்றதும் நினைவு வருவது ஒன்றே ஒன்று. கலக்கி. ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர்ப் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எந்தப் புரோட்டாக் கடையில் நின்றாலும் கேட்கும் குரல் அது. இப்போது சென்னையிலும் கிடைக்கிறது. ஆனால் அங்கே பல கடைகளில் கலக்கி என்று கேட்டால் பொடிமாஸுக்குப் பக்கத்தில் வைத்துத் தருகிறார்கள். அதைக் கலக்கி என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு நாள் கூட்டம் குறைவாக இருந்த நேரம் பார்த்து, எங்கள் பேட்டைக் கடையில் கல்லுக்கு நேரெதிராக நின்றுகொண்டேன். மாஸ்டர் எவர்சில்வர் டம்ளரில் இரண்டு முட்டையை உடைத்தார். உப்பு, மிளகுத்தூள். பிறகு சால்னாக் குண்டாவிலிருந்து ஒரு கரண்டி, மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு, தண்ணீராக இருக்கும் இடத்தில் மொண்டு டம்ளரில் ஊற்றினார். ஸ்பூனால் கடகடவென்று ஒரு அடி. கல்லில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, டம்ளரைக் கவிழ்த்தார். ஓரம் வெளுத்ததும் தட்டைக் கரண்டியால் நாலு பக்கமும் உள்ளே மடித்தார். வெளியே மெல்லிய தோல், உள்ளே இன்னும் குழம்பாக இருக்கிற முட்டை. அப்படியே வாழை இலைத் துண்டில் வழித்துவிட்டார். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

மென்மையின் காரணம் அந்த அரை நிமிஷம்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தபின், "ஏனுங்ண்ணா, சால்னா ருசிக்குத்தானுங்களே? பெருங்கூட்டத்துல அது இல்லாமப் போட்டா வேலை சீக்கிரம் முடியுமே?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ருசிக்குன்னா மேல ஊத்திக் குடுத்தாப் போதுமுங்க. உள்ள ஊத்துலீன்னா கெட்டியாப் போயிருமுங்க. தண்ணி இருந்தாத்தான் முட்டை இளகி நிக்கும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்துவிட்டார். அவருக்கு அது பெரிய விஷயமே இல்லை.

நான் வீடு வந்து சேரும்வரை அந்தத் தண்ணீரையே நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டை என்பது முக்கால்வாசி தண்ணீர்தான். சூடு பட்டதும் அதிலிருக்கும் புரதச் சுருள்கள் பிரிந்து, ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன; தண்ணீர் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்கிறது. சூடு அதிகமானால் வலை இறுகி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். பொடிமாஸ் ஆறிய தட்டில் கொஞ்சம் நீர் தேங்கி நிற்குமே, அது இப்படிப் பிழிந்து வந்த நீர்தான். வெளியிலிருந்து தண்ணீர் சேர்த்தால் புரதங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. கோத்துக்கொள்ள நேரமும் கூடுதல் சூடும் தேவைப்படுகிறது. கோத்த பிறகும் வலை தளர்வாகவே இருக்கிறது. மாஸ்டர் இவ்வளவையும் ஒரு கரண்டிச் சால்னாவில் சொல்லி முடித்துவிட்டார்.

வீட்டில் கலக்கி போடுவதில் பெரிய வித்தை இல்லை. எண்ணெய் ஊறிப் பழகிய இரும்புத் தோசைக்கல் இருந்தால் அரை டீஸ்பூன் எண்ணெய் போதும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஊற்றியதும் தீயைக் குறைத்துவிட வேண்டும். சால்னா இல்லாத வீட்டில் ரசமோ, நேற்றைய குழம்பைத் தளர்த்தியதோ போதும். உப்பைப் போட்டு அடித்துக் கால் மணி நேரம் வைத்துவிட்டு ஊற்றினால் இன்னும் மிருதுவாக வரும்.

ஆனால் இதை அப்பாவுக்குக் கொடுக்க முடியாது. முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. முட்டைக் கலவை 71 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் பயமில்லை. கலக்கியின் நடுப்பகுதி அதைத் தொடுவதில்லை. தொட்டால் அது கலக்கியே இல்லை. நம் ஊரில் முட்டை குளிர்ச்சியில் பயணம் செய்வதும் கிடையாது. நாமக்கல்லிலிருந்து கிளம்பி, மளிகைக் கடை வாசலில் அட்டையோடு அட்டையாக வெயில் பார்த்துத்தான் வீட்டுக்கு வருகிறது. திடமான உடம்புக்காரர்கள் அவரவர் விருப்பப்படி சாப்பிடட்டும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் இவர்களுக்குக் கலக்கியும் ஆஃப் பாயிலும் வேண்டாம். மென்மை வேண்டும் என்றால் பாதி வெந்ததாக இருக்கும், முழுக்க வெந்தது வேண்டும் என்றால் கட்டியாக இருக்கும். இப்படி இரண்டு வழிதான் என்று கொஞ்ச நாள் இந்த விஷயத்தை விட்டுவிட்டேன்.

இட்லிப் பானைக்குள்

மூன்றாவது வழி மாஸ்டர் சொன்னதிலேயே இருந்தது. தண்ணீர் சேர்ந்தால் முட்டை உறைவதற்குக் கூடுதல் சூடு தேவை. தனி முட்டையில் வெள்ளை 62 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். மஞ்சள் 70ஐ நெருங்கும்போது பிடித்துவிடும். அதே முட்டையில் இரண்டு பங்கு, மூன்று பங்கு நீர் சேர்த்துவிட்டால் 80 டிகிரி பக்கம் போனால்தான் உறைகிறது. ஆக, கிண்ணத்தில் தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கிற முட்டை, 71ஐத் தாண்டி வெந்த முட்டை. ஆடுகிறது என்பதற்காக வேகவில்லை என்று அர்த்தமில்லை. ஜப்பானியர்கள் இதைச் சவான்முஷி என்று மீன் சாறு சேர்த்து ஆவியில் வைக்கிறார்கள், ஒரு பங்கு முட்டைக்கு மூன்று பங்கு சாறு. சீனர்கள் வீட்டுச் சமையலில் இரண்டு பங்கு வெந்நீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நமக்கு ஆவிக்கு இட்லிப் பானை இருக்கிறது. சாறுக்கு ரசம் இருக்கிறது. இரண்டும் ஒரே அடுப்படியில் இத்தனை காலம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் முட்டை அந்தப் பக்கம் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ரசத்தில் அடியில் தங்கும் மண்டி வேண்டாம். மேலே நிற்கும் தெளிவு மட்டும். மிளகு ரசமோ பருப்பு ரசமோ எதுவானாலும் புளி கம்மியாக இருக்க வேண்டும். புளிப்பு ஏறினால் முட்டை சீக்கிரமே திரிந்து கொரகொரப்பாகிவிடும். மூன்று முட்டை உடைத்தால் ஏறக்குறைய 150 மில்லி வரும். அதற்கு 300 மில்லி தெளிவு. ரசம் வெதுவெதுப்புக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது, கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கலக்கும்போதே முட்டை வெந்து திரி திரியாகும். நுரை எழும்பாமல், அடிக்காமல், முட்டையை மெதுவாகக் கலக்கி, ரசத்தோடு சேர்த்து, டீ வடிகட்டியில் வடித்துவிட வேண்டும். வடித்தால்தான் வெள்ளைக் கருவின் கெட்டி இழைகள் நீங்கி மேல்பரப்பு வழவழவென்று வரும். மிதக்கிற நுரையை ஸ்பூனால் எடுத்துவிட வேண்டும். ரசத்தில் உப்பு இருக்கிறது என்று அலட்சியமாக விடாமல் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. மூன்றில் ஒரு பங்கு உப்பில்லாத முட்டை சேர்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

பீங்கான் கிண்ணம் நல்லது; எவர்சில்வர் சீக்கிரம் சூடேறி ஓரத்தை முதலில் இறுக்கிவிடும். எங்கள் வீட்டில் இருப்பது நாலு டவரா. அதனால் நான் டவராவில்தான் வைக்கிறேன், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னத் தட்டு. இட்லிப் பானை மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் முட்டைமேல் விழுந்தால் குழி விழும். அம்மா இட்லித் துணியை மூடிக்குக் கீழே இழுத்துக் கட்டச் சொன்னார், அது இன்னும் நல்ல யோசனை. இட்லிக்கு வைப்பதுபோலத் தீயை முழுக்க வைத்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். நூறு டிகிரி ஆவியில் முட்டைக்குள் இருக்கிற நீரே கொதித்து, உள்ளே ஓட்டை ஓட்டையாக ஆகிவிடும். தண்ணீர் கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்கி, மூடிக்கும் பானைக்கும் நடுவே ஒரு கரண்டிக் காம்பைக் கொடுத்துச் சற்றே திறந்து வைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு நிமிஷம். டவராவை லேசாக ஆட்டினால் நடுவில் ஒரு தளதளப்பு தெரியும், ஆனால் அலையாக ஓடாது. கத்தி முனையால் குத்தினால் கலங்கிய முட்டை வரக் கூடாது, தெளிந்த சாறு வர வேண்டும். அப்பாவுக்கு வைக்கிறபோது நான் அதற்குமேல் இரண்டு நிமிஷம் விட்டுத்தான் எடுப்பேன். கொஞ்சம் இறுகும், பரவாயில்லை.

முதல் தடவை அப்பா டவராவைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். "முட்டை எங்க கண்ணு?" என்றார். "அதேதானுங்ப்பா. மஞ்சளோட." ஸ்பூனை விட்டார். முதலில் மிளகின் காரம், பெருங்காய வாசம், அப்புறம்தான் முட்டை. அவர் பாராட்டவெல்லாம் இல்லை, அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஸ்பூனை ஒதுக்கி வைத்துவிட்டு டவராவைத் தூக்கிக் குடித்துவிட்டார். அதற்கப்புறம் அம்மாவிடம், "இத்தன நாளா அந்த வெள்ளத் துண்டத் தின்ன வெச்சீங்களே" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அது வேறு கதை.

கூட எதை வைப்பது

முட்டையை எவ்வளவு இலகுவாக்கினாலும் பக்கத்தில் இரண்டு புரோட்டாவை வைத்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். காலை நேரத்து முட்டைச் சாப்பாடு கனமாவதற்கு முக்கால்வாசிக் காரணம் முட்டை இல்லை, அதன் கூட்டாளிகள். வெண்ணெயில் முக்கிய ரொட்டி, புரோட்டா, முட்டையின் தலைமேல் தூவுகிற சீஸ். எங்கள் பக்கத்தில் சந்தகை இருக்கிறது. அரிசியை அரைத்து, வேகவைத்து, சுடச்சுட அச்சில் பிழிகிற வேலை கஷ்டம்தான். ஆனால் எண்ணெய் வாடையே இல்லாத பண்டம். அதற்குத் தோதாக நான் செய்வது சொதியில் உடைத்து ஊற்றிய முட்டை. தேங்காயின் முதல் பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, ஒரு சிட்டிகை மஞ்சள். காய் வெந்து, கொதி அடங்கி லேசாகச் சலசலக்கும்போது முட்டையை ஒரு கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தின் விளிம்பு சொதியைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி நழுவ விட வேண்டும். மூடி வைத்தால் ஏழெட்டு நிமிஷத்தில் மஞ்சளும் சேர்ந்து வெந்துவிடும். கிளறினால் போச்சு. இதற்கு மட்டும் புது முட்டையாக இருக்க வேண்டும். நாள்பட்ட முட்டையில் வெள்ளை நீர்த்துப்போய், சொதி முழுக்கப் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடும். டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக்கொண்டால் புதிது, நிமிர்ந்து நின்றால் பழையது, மிதந்தால் தூக்கிப் போடுங்கள். பழைய முட்டையை வேகவைத்துச் சாப்பிடலாம். தோடு உரிப்பது அதில்தான் எளிது.

நாட்டுக்கோழி முட்டைதான் இலகுவானது என்று சொல்லிக்கொண்டு இரட்டை விலை கொடுக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. ருசிக்காக வாங்கினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சள் கரு அடர்ந்த ஆரஞ்சாக இருப்பதை வைத்துச் சத்தை அளப்பது வேண்டாம். அந்த நிறம் கோழி தின்ற தீவனத்திலிருந்து வருகிறது. மக்காச்சோளம் கூட்டினால் கூடும், செண்டுமல்லி இதழ்ச் சாரம் கலந்தால் இன்னும் கூடும்.

இப்போது வீட்டில் நடக்கிற சண்டை தாளிப்பைப் பற்றியது. ஆவியில் வைத்த முட்டைக்குமேல் எதுவும் வேண்டாம், ரசத்திலேயே எல்லாம் இருக்கிறது என்பது என் கட்சி. அம்மா விடவில்லை. "ஒரு கடுகு வெடிக்கலீன்னா அது ஆஸ்பத்திரிச் சாப்பாடுடா சாமி" என்று சொல்லி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பொடியாக அரிந்த இரண்டு சின்ன வெங்காயம் தாளித்து நாலு டவராவுக்கும் பங்கிட்டு ஊற்றினார். ஒரு டீஸ்பூன் என்பது நாலரை கிராம் எண்ணெய். ஆளுக்கு ஒரு கிராமுக்குச் சற்றே மேல்தான் வரும். அந்தக் கணக்கைச் சொல்லித் தோற்றுப்போவதை நான் ஒப்புக்கொண்டேன், ஏனென்றால் அந்த வெங்காயம் பல்லில் அகப்படுகிறபோது நன்றாகவே இருந்தது. அடுத்த ஞாயிறு கொள்ளு ரசத்தில் வைக்க வேண்டும் என்கிறார். கொள்ளுத் தண்ணீர் மாவாக இறங்கும், துணியில் இரண்டு தடவை வடித்தால்தான் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். வடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு, கொள்ளை இப்போதே ஊறப்போடப் போய்விட்டார்.